மேலமடக்குளத்தார் ஆறடி அளந்த கதை

இந்தக் கதையை நான் நாலு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். முழுசாக நம்பவும் முடியவில்லை, பொய் என்று ஒதுக்கவும் மனசு வரவில்லை. ஒதுக்க முடியாததற்குக் காரணம், இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அந்த அறிவிப்பை எழுதியவன் நான்தான்.

கொரோனாக் காலத்தில் எங்கள் வட்டாரச் சுகாதார அலுவலகத்திலிருந்து திங்கட்கிழமைதோறும் ஒரு பக்க அறிவிப்பு போகும். எந்த ஊரில் எத்தனை பேர் ஊசி போட்டிருக்கிறார்கள், இந்த வாரம் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று அதில் இருக்கும். டாக்டர் சொல்வார், நான் எழுதுவேன். படிக்கத் தெரிந்த யாருக்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் போடுவேன். மேலமடக்குளத்துக்காரர்களுக்கு அது புரியாமல் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. அவர்களுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

அந்த ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை வந்த கணக்கில், மேலமடக்குளத்துக்கு நேராக இப்படி இருந்தது: பதினெட்டு வயது நிரம்பியவர்கள் 212. முதல் ஊசி போட்டவர்கள் 213.

டாக்டர் பேனாவால் அந்த இடத்தைத் தட்டினார். “இருக்கறவங்களைவிட ஒருத்தர் கூட இருக்காரே. அவர் எங்கிருந்து வந்தார்?” அந்த ஊரைப் பார்த்துக்கொண்ட செவிலியர் ஜெபராணியைக் கூப்பிட்டு விட்டார்கள். அவர் அடுத்த திங்கட்கிழமைதான் வந்தார். உள்ளே போய், “கூட்டல் பிழை சார்” என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து என் மேஜை முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவர்கிட்ட நெஜத்தச் சொன்னா என்னை வேற ஊருக்கு மாத்திருவாரு. உங்ககிட்ட சொல்லுதேன். பாதி தப்பு உங்களோடதுதான” என்று ஆரம்பித்தார்.

கூட்டல் பிழை என்பதே உண்மையாக இருக்கலாம் என்று அப்போது தோன்றியது. அதை மறைக்கத்தான் ஒரு கதை சொன்னாரோ என்னவோ. அந்த ஊருக்கு ஒரு தடவை போய்க் கேட்டிருக்கலாம். போய், பொய் என்று தெரிந்தால் ஒரு நல்ல கதை போய்விடும். உண்மை என்று தெரிந்தால் என் வேலையைப் பற்றி நான் யோசிக்க வேண்டியிருக்கும். ஆகவே போகவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மேலமடக்குளத்தில் எதற்கும் மூன்று பேர் கூடித்தான் முடிவெடுப்பார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வெயிலுமுத்து. அவரைப் பிரசிடெண்டு என்றுதான் ஊரே கூப்பிடும். பொய்க்கையெழுத்துப் போடாத மனுஷர். டீக்கடை மாசிலாமணி எந்த யோசனையிலும் ஓட்டை இருந்தால் கண்டுபிடித்துவிடுவார், ஓட்டை இல்லை என்றால் போடுவார். மூன்றாவது ஆள் மைக்செட் கந்தப்பழம். சுகாதார அறிவிப்பை ஒலிபெருக்கியில் வாசிப்பது அவர் பொறுப்பு. ‘பக்கம் ஒன்று’ என்று அடியில் போட்டிருப்பதையும் சேர்த்து வாசிப்பார்.

முதல் முகாமுக்கு முந்தின நாள் அவர் வாசித்தார்: “பொதுமக்கள் ஆறடி இடைவெளி விட்டு வரிசையில் வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.”

மறுநாள் ஜெபராணி பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, எழுபது பேர் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள். வரிசையின் தலைமாட்டில் ஊர்த் தையல்காரருடைய டேப்புடன் பிரசிடெண்டு.

“ஆறு இருக்கான்னு எல்லாருக்கும் பாத்துட்டேன் சிஸ்டரம்மா. ஒரு ஆளுக்குக்கூடக் குறையல்ல” என்றார். டேப்பில் ஆறு என்று போட்டிருந்த இடத்தில் கட்டைவிரல் நகம் இருந்தது. அது ஆறு அங்குலம்.

ஜெபராணிக்குக் காலையிலிருந்து சாப்பாடு இல்லை. முகக்கவசத்துக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி வேறு. “ஐயோ, ஆறு அங்குலம் இல்ல, ஆறடி! ஒரு ஆளு நீட்டிப் படுத்தா எவ்வளவு நீளம் இருக்கும்? அவ்வளவு தள்ளி நில்லுங்க!” என்று கத்தினார். தன் வாழ்க்கையில் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று என்னிடம் சொன்னார்.

“எந்த ஆளு?” என்று கேட்டார் மாசிலாமணி.

“ஏதோ ஒரு ஆளு!”

“ஏதோ ஒரு ஆளுன்னு விட்டா எப்படி? நான் அஞ்சேகால் அடி. பிரசிடெண்டு அஞ்சுதான் வருவாரு. அவரப் படுக்க வச்சா, ஒரு அடி வழியா கொரோனா உள்ள வந்துராதா?”

பிரசிடெண்டு தன் உயரத்தை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

“சுடலைக்கண்ணு இருக்கான்லா” என்றார் கந்தப்பழம்.

சுடலைக்கண்ணு டிராக்டர் டிரைவர். முப்பத்தொரு வயசு. பத்து வருஷத்துக்கு முன்னால் போலீஸ் வேலைக்குப் போய், மார்பு அகலம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். ஆனால் உயரம் கச்சிதமாக ஆறடி என்று சர்க்கார் கையால் எழுதிக் கொடுத்த சீட்டு அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. ஊரில் அப்படி எழுத்துப்பூர்வமான ஆறடி வேறு யாரிடமும் இல்லை.

அவரைக் கூட்டிவந்து முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் நடுவில் படுக்க வைத்தார்கள். பாய் விரிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பாய் கொஞ்சம் நீளம், கணக்குக் கெட்டுவிடும் என்று மாசிலாமணி மறுத்துவிட்டார். தரையிலேயே படுத்தார். இரண்டாவது ஆள் அவர் கால்மாட்டுக்குப் பின்னால் போய் நின்றதும் எழுந்து, இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் நடுவில் படுத்தார். இப்படியே எழுபது பேர்.

வரிசை பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கண்மாய்க் கரை ஏறி, சுடுகாட்டுப் பாதை வரை போய்விட்டது. கடைசி ஆளை நிறுத்திவிட்டு சுடலைக்கண்ணு நிமிர்ந்தபோது, முதல் ஆள் ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். வரிசை ஒரு ஆள் முன்னால் நகர வேண்டும். நகர்ந்தால் இடைவெளி மாறிவிடும். ஆகவே மறுபடியும் முதலிலிருந்து.

வரிசையில் பெண்கள் நின்ற பக்கம் ஒரு சிக்கல் வந்தது. “எங்க காலடியில ஒரு ஆம்பள வந்து படுக்கதா? என்ன கூத்து இது?” என்று கொதித்தார்கள். அதற்குள் முன்னால் நின்ற ஒரு அம்மா, காலடியில் விழுந்தவனைச் சும்மா விடக் கூடாது என்று அவர் தலையில் கை வைத்து, “நல்லா இரு ராசா, சீக்கிரம் கல்யாணம் ஆகட்டும்” என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொருத்தரும் பண்ணினார்கள். அந்த ஒரு நாளில் முப்பத்தெட்டுப் பெண்கள் அவருக்குக் கல்யாணம் ஆகட்டும் என்று வாழ்த்தினார்கள். சுடலைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டார். அவருக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

நல்லாம்பாறையில் முத்துப்பேச்சி என்ற பெண்ணை அவருக்கு நிச்சயம் பண்ணிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. கல்யாணம் மூன்று தடவை தள்ளிப்போனது. ஒவ்வொரு தடவையும் ஊரடங்கு. “எம் மகள மண்டபத்துல மேளம் வச்சுத்தான் கட்டிக் கொடுப்பேன். வீட்டுக்குள்ள பத்துப் பேர வச்சுக் கட்ட அவ என்ன திருட்டுக் கல்யாணமா பண்ணுதா?” என்று பெண்ணின் அப்பா பிடிவாதமாக இருந்தார். நாலாவது தடவையாக ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். அன்றைக்கு நடக்காவிட்டால் நடக்காது. அடுத்தது புரட்டாசி, கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஐப்பசியில் முத்துப்பேச்சியின் அத்தை மகன் துபாயிலிருந்து வருகிறான். அவன் வந்தால் அவனுக்குத்தான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

நல்லாம்பாறையில் மண்டபம் கிடையாது. மேலமடக்குளத்துச் சமுதாயக் கூடம்தான் ஒரே வழி. அது ஒன்றரை வருஷமாகப் பூட்டிக் கிடந்தது.

இந்த நேரத்தில்தான் என் அறிவிப்பு போனது: “ஓர் ஊரில் பதினெட்டு வயது நிரம்பிய அனைவரும் முதல் ஊசி போட்டு, ஊசி போடாத ஒருவரும் ஊரில் இல்லை என்று பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்திட்டுத் தந்தால், அவ்வூர்ச் சமுதாயக் கூடத்தை ஐம்பது பேருக்கு மிகாமல் திறக்கலாம்.”

மேலமடக்குளம் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. மூன்று முகாமில் இருநூற்றுப் பதினோரு பேர் போட்டுக்கொண்டார்கள். ஊசிக்குப் பயந்து மாட்டுத் தொழுவத்தில் ஒளிந்தவர்களைக்கூட, “நம்ம சுடலைக்கண்ணு கல்யாணம்யா” என்று சொல்லித் தூக்கி வந்தார்கள். மூன்றாவது முகாம் முடிந்து பிரசிடெண்டு பேனாவைத் திறந்தார்.

“இருநூத்திப் பதினொண்ணுதான் வருது. ஒரு ஆளு குறையுது” என்றார் ஜெபராணி, பதிவேட்டைப் பார்த்து.

“யாரது? ஊருக்கே துரோகம் பண்ணுத பய யாரு?” என்று கந்தப்பழம் சட்டைக் கையை மடித்தார்.

வரிசையாகப் பேர் வாசித்தார்கள். எல்லாரும் “போட்டாச்சு” என்றார்கள். கடைசியில் தரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“நான் இன்னும் போடல்ல அண்ணாச்சி.”

மூன்று முகாமிலும் சுடலைக்கண்ணு வரிசைக்கு நடுவில் படுத்திருந்தாரே தவிர, வரிசையில் நிற்கவில்லை.

“சரி, இப்ப போட்டிருவோம்” என்றார் பிரசிடெண்டு.

அது முடியாது என்று ஜெபராணி விளக்கினார். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து இருக்கும். திறந்தால் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஒருத்தருக்காகத் திறந்தால் ஒன்பது பேருடைய மருந்து வீண். ஊருக்கு வெளியே கிடை போட்டிருக்கும் வெளியூர் ஆட்டுக்காரர்கள் ஒன்பது பேர் ஊசிக்குக் காத்திருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை அவர்களையும் வைத்து ஒரு குப்பி திறக்கலாம். அவர்கள் ஊர்க்கணக்கில் வர மாட்டார்கள், ஆனால் பத்து ஆள் ஆகிவிடும். சனிக்கிழமை ஊசி, திங்கட்கிழமை அறிவிப்பு, வெள்ளிக்கிழமை கல்யாணம்.

எல்லாரும் கைதட்டினார்கள். மாசிலாமணி மட்டும் தட்டவில்லை.

“பத்துப் பேரு வரிசையில நிப்பாங்க. பத்தாவது ஆளு சுடலைக்கண்ணு. அப்ப நடுவுல படுக்கறது யாரு?”

கைதட்டல் நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை காலையில் டீக்கடையில் கூடினார்கள். ஆட்டுக்காரர்களின் தலைவர் அழகுமலையும் டீ குடிக்க வந்திருந்தார். பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தன் கையிலிருந்த தொரட்டிக் கம்பை நீட்டினார்.

“இது ஆறடிக்கு மேல இருக்கும். அளந்து ஒரு வெட்டு வெட்டிக்கிட்டாப் போதும்லா?”

மாசிலாமணி பரிதாபமாக அவரைப் பார்த்தார். “அய்யா, நீங்க வெளியூரு. சிஸ்டரம்மா சொன்னது ஒரு ஆளு படுத்தா எவ்வளவுன்னு. கம்பு எப்படிப் படுக்கும்? கம்பக் கீழ போடத்தான முடியும்?”

அழகுமலை டீயை முடித்துக்கொண்டு ஆடுகளிடம் போனார்.

“ரெண்டு மூணடி ஆளப் படுக்க வச்சா?” என்றார் கந்தப்பழம்.

“நம்ம ஊர்ல மூணடி ஆளுன்னா ஒண்ணாங்கிளாசுப் பிள்ளைங்கதான். பிள்ளைங்கள முகாமுக்குக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு நோட்டீஸ்ல இருக்கு.”

“அப்படின்னா படம் வரைஞ்சிருவோம். சுடலைக்கண்ணப் படுக்க வச்சு, சுத்திக் கோலப்பொடியால வரைஞ்சிட்டா, அவன் எந்திரிச்சாலும் ஆறடி அங்கனயே கெடக்கும்.”

இதில் மாசிலாமணிக்கு ஓட்டையே கிடைக்கவில்லை. அதற்காக அன்று முழுதும் வருத்தமாக இருந்தாராம்.

புதன்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சுடலைக்கண்ணை ஒன்பது இடத்தில் படுக்க வைத்து வரைந்தார்கள். பத்துப் பேருக்கு நடுவில் ஒன்பது இடைவெளி. வெள்ளைக் கோலப்பொடியில், கையைக் காலை நீட்டிக்கொண்டு ஒன்பது ஆள் வரிசையாகக் கிடந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது. சிவப்புப் பொடியில் வேட்டிக் கரை போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று கந்தப்பழம் அதையும் தூவினார்.

பதினோரு மணிக்கு ரோந்து வந்த ஏட்டு, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினார். தொப்பியைக் கழற்றினார்.

“யாருய்யா இது?”

“சுடலைக்கண்ணு, ஏட்டையா” என்றார் பிரசிடெண்டு.

“இது?”

“அதுவும் சுடலைக்கண்ணுதான்.”

“அந்தக் கடைசில கெடக்கறது?”

“அதுல காலு கொஞ்சம் கோணிப்போச்சு. ஆனா சுடலைக்கண்ணுதான்.”

“ஒரே ஆள ஒன்பது தடவையா? எதுக்குய்யா?”

“அவன் கல்யாணத்துக்குத்தான். வார வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி. நீங்களும் கண்டிப்பா வரணும்.”

“ஆளு இப்ப எங்கய்யா?”

“டீ குடிக்கப் போயிருக்கான்.”

சுடலைக்கண்ணை நேரில் பார்த்து, தொட்டும் பார்த்த பிறகுதான் ஏட்டு மறுபடி தொப்பியைப் போட்டுக்கொண்டார். தான் நிற்கும்போதே ஒன்பதையும் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இனிமேல் இந்த ஊரில் எவனும் எவனையும் தரையில் வரையக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு முத்துப்பேச்சி போன் பண்ணினாள். டீக்கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சுடலைக்கண்ணு ஸ்பீக்கரில் போட்டார். ஊர்க் காரியத்தை மறைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

“என்ன, ஊசி போட்டாச்சா?”

“சனிக்கிழமை போட்டிருவேன். ஆனா அன்னைக்கு நான் படுக்க வேண்டியிருக்கு.”

“உங்களுக்கு எப்பவும் படுக்கறதுதான் வேலையா? பதினாலு மாசமா உங்க ஊர்ல கொரோனா வந்தவங்களவிட நீங்கதான் அதிகமாப் படுத்திருக்கீங்க.”

“நான் படுக்கல்லன்னா அளவு தப்பிரும், பேச்சி.”

“அப்ப உங்களுக்குப் பதிலா வேற ஒண்ண அங்க போட்டுட்டு, எந்திரிச்சுப் போயி ஊசியப் போடுங்க. இல்லன்னா ஐப்பசியில துபாய்ல இருந்து வாரவன் அஞ்சரை அடின்னாலும் பரவாயில்லன்னு நான் போயிருவேன்.” கொஞ்சம் நிறுத்தி, “எனக்கு அவன் மூஞ்சியே பிடிக்காது. பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சுடலைக்கண்ணு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. முகக்கவசம் அதை வாங்கிக்கொண்டது.

“பிள்ள சொன்னதுல ஒரு விஷயம் இருக்கு” என்றார் பிரசிடெண்டு மெதுவாக. “பதிலா வேற ஒண்ணு.”

வியாழக்கிழமை அந்த வேற ஒன்றைச் செய்தார்கள். சுடலைக்கண்ணு வீட்டுக் கொல்லையில் நின்ற மூங்கிலை வெட்டி, அவரைப் பக்கத்தில் படுக்க வைத்து அளந்து, வைக்கோல் கட்டி, காய்ந்த சுரைக்குடுக்கையைத் தலையாக வைத்தார்கள். அவருடைய சட்டை, அவருடைய வேட்டி. முகக்கவசம் மாட்டினதும் யாருக்கும் குறை சொல்லத் தோன்றவில்லை. போட்டோ எடுத்து முத்துப்பேச்சிக்கு அனுப்பினார்கள். “இவரு உங்களவிட அடக்கமாத் தெரியுதாரு” என்று பதில் வந்தது.

சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அழகுமலையும் அவருடைய ஆட்களும் வந்தார்கள். பொம்மையை ஒவ்வொரு இடைவெளியாகத் தூக்கித் தூக்கிப் படுக்க வைத்தார்கள். பத்தாவது ஆளாக, வாழ்க்கையில் முதல் தடவையாக, சுடலைக்கண்ணு வரிசையில் நின்றார். ஜெபராணி அவர் கையில் ஊசி போட்டபோது ஊரே கைதட்டியது. குப்பி காலி. பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு.

ஜெபராணி தாளை நீட்டினார். “பிரசிடெண்டு, கையெழுத்துப் போடுங்க.”

வெயிலுமுத்து பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். ‘ஊசி போடாத ஒருவரும் ஊரில் இல்லை.’ பிறகு தரையைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டார்.

“படுத்திருக்காரே ஒருத்தரு.”

“அது பொம்மை!”

“சிஸ்டரம்மா, நான் ஒண்ணு கேக்கேன். போன மூணு முகாமுலயும் நாம என்ன தப்பு பண்ணினோம்? நின்னவங்களுக்கெல்லாம் போட்டோம், படுத்திருந்தவன விட்டுட்டோம். அதுனாலதான இவ்வளவு சீரழிஞ்சோம்? மறுபடியும் படுத்திருக்கவர விட்டுட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுதியளே.”

“பட்டாத்தான் புத்தி வரும். எங்களுக்கு வந்துட்டு” என்றார் மாசிலாமணி.

ஜெபராணி சுடலைக்கண்ணைப் பார்த்தார். அவர் ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, “வெள்ளிக்கிழமை சிஸ்டர்” என்று மட்டும் சொன்னார்.

“சரி, போட்டுத் தொலைக்கேன்” என்று ஜெபராணி ஒரு வெற்று ஊசியை எடுத்தார்.

“முதல்ல பேரு எழுதணும்லா” என்றார் கந்தப்பழம். பதிவேட்டில் எழுதாமல் போட்டால் அது கள்ள ஊசி, தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் பிரசிடெண்டு. ஆகவே எழுதினார்கள். பேர்: சுடலைக்கண்ணு. இரண்டு சுடலைக்கண்ணு வந்து குழம்பக் கூடாது என்று பக்கத்தில் ‘படுத்திருப்பவர்’ என்று போட்டார்கள்.

“வயசு?”

“வியாழக்கிழமைதான செஞ்சோம். இன்னைக்கு மூணாம் நாளு.”

“அப்ப பதினெட்டு ஆகல்லியே! எப்படிப் போட முடியும்?” என்றார் மாசிலாமணி. கடைசியில் ஒரு ஓட்டை கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

எல்லாரும் இடிந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கல்யாணம் மூன்று நாள் வயசில் வந்து நின்றது. வாசல் பக்கம் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்த அழகுமலைதான் வாயைத் திறந்தார்.

“வைக்கோலு இந்த வருஷத்துது. அந்த மூங்கிலு எப்ப வச்சது?”

சுடலைக்கண்ணு யோசித்தார். “எங்க அய்யா கல்யாணத்தப்ப வச்சதாச் சொல்லுவாங்க. நாப்பது வருஷம் இருக்கும்.”

“நாப்பது! எழுதுங்க சிஸ்டரம்மா!” என்று பிரசிடெண்டு கத்தினார். நல்ல யோசனை சொன்னதற்காக அழகுமலைக்குத் துண்டு போர்த்தினார்கள். அவர் தாமதிக்காமல் அன்றைக்கே கிடையைப் பிரித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

ஜெபராணி சட்டைக் கையை மடித்து வைக்கோலில் குத்தினார். பொம்மை அசையவில்லை. “தைரியமான ஆளு. பிரசிடெண்டு அன்னைக்கு ‘ஆத்தா’ன்னு கத்தினாரு” என்றார் கந்தப்பழம். ஊசி போட்டவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் அறிவிப்பில் இருந்தது. ஆகவே சுடலைக்கண்ணையும் பொம்மையையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலை சுற்றுகிறதா என்று இரண்டு பேரையும் கேட்டார்கள். காய்ச்சல் வந்தால் போட இரண்டு மாத்திரையைப் பொம்மையின் சட்டைப் பையில் வைத்தார்கள். அரை மணி முடிந்ததும் வெயிலுமுத்து, மனசாட்சிக்கு விரோதமில்லாமல், கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை சமுதாயக் கூடம் திறந்தது. மேளம் வந்தது. வாசலில் கந்தப்பழம் ஆள் எண்ணினார். ஐம்பது பேருக்கு மிகாமல் என்பது என் வாக்கியம். பொம்மையையும் ஊசி போட்ட ஒருவராக எண்ணியதில் ஐம்பத்தொன்று வந்தது. யாராவது ஒருத்தர் வெளியே போக வேண்டும். பிரசிடெண்டு எழுந்து வெளியே போய், ஜன்னலோரம் நின்றுகொண்டு கல்யாணம் பார்த்தார்.

மண்டபத்துக்குள்ளும் ஆறடி என்று நான் எழுதியிருந்தேன். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் பொம்மையைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். சுடலைக்கண்ணு தாலியைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. மேளக்காரர்கள் கெட்டிமேளத்தை ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

முத்துப்பேச்சி மாலையோடு எழுந்தாள். பொம்மையைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, ஐப்பசியில் வரப்போகிற துபாய்க்காரனுக்கென்று அப்பா இப்போதே போட்டு வைத்திருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். திரும்பி வந்து, சுடலைக்கண்ணின் பக்கத்தில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

“இப்பக் கட்டுங்க. எவனாவது டேப்ப எடுத்துட்டு வந்தான்னா அவனப் படுக்க வச்சிருவேன்.”

கட்டினார்.

இவ்வளவுதான் ஜெபராணி சொன்னது. சொல்லிவிட்டு, “கணக்குல இருநூத்திப் பன்னெண்டுன்னு திருத்திக்கோங்க சார்” என்று எழுந்து போனார். நான் திருத்தினேன். டாக்டரும் கேட்கவில்லை.

அப்புறம் அவரை வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதவி உயர்வுதான், இதற்காக இல்லை. நான் நாலு வருஷம் இதை மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஊரே அப்படி இருக்குமா? இருந்தாலும் படித்த செவிலியர் ஒருவர் வைக்கோலில் ஊசி குத்துவாரா? நான் தெளிவாக எழுதியதாக நினைத்தது தெளிவுதானா? போன மாதம் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைக் கட்டி உள்ளே வைக்கச் சொன்னார்கள். மேலமடக்குளத்துப் பதிவேடு என் கையில் வந்தது. பிரித்தேன். முதல் ஊசிப் பக்கத்தில் கடைசி வரி, ஜெபராணியின் கையெழுத்தில்: ‘சுடலைக்கண்ணு (படுத்திருப்பவர்), வயது 40.’

அப்படியானால் கதை உண்மை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் பழக்க தோஷத்தில் அடுத்த பக்கத்தையும் புரட்டினேன். இரண்டாம் ஊசிக் கணக்கு. மேலிருந்து கீழ் வரை மூன்று தடவை பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள்.

போன வாரம் பேருந்து நிலையத்தில் ஜெபராணியைப் பார்த்தேன். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, “என்ன சார், இன்னும் என் கதைய நம்பல்லியா?” என்று சிரித்தார். அவருடைய பேருந்து புறப்படத் தயாராக நின்றது. நாலு வருஷமாகக் கேட்க நினைத்த கேள்விகள் எத்தனையோ இருந்தன. அவர் படியில் கால் வைத்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“சிஸ்டர், முதல் ஊசி போட்ட ஒருத்தரக்கூட விடாம எண்பத்து நாலாம் நாள் ரெண்டாவது ஊசி போடணும்னு நான் அவ்வளவு தெளிவா எழுதியிருந்தேனே, படுத்திருந்தவரை மட்டும் ஏன் விட்டீங்க?”